பதினொரு மாதம் ஒத்துக்கொண்ட மாத்திரை

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் எப்போதாவது இப்படி நடந்துவிடுகிறது. அதே மாத்திரை, அதே அளவு, அதே மருந்துக்கடை. 11 மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறிச் சரிந்துவிடுகிறார். ஆட்டோ பிடித்து ஓடுகிறார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏறியதும் கண்ணைத் திறந்து, "எனக்கு என்ன ஆச்சு?" என்கிறார். வீட்டாருக்கும் அதே கேள்விதான். மாத்திரை போலியா? டாக்டர் அளவைக் கூட்டிவிட்டாரா? நேற்றுவரை ஒத்துக்கொண்ட மருந்து இன்றைக்கு ஏன் கவிழ்த்தது?

மாத்திரையில் கோளாறு இல்லை. அது ரமலான் மாதம். அவர் நோன்பு வைத்திருந்தார். அதை அவர் மருத்துவமனையில் சொல்லவில்லை. அங்கே யாரும் கேட்கவுமில்லை.

நோயாளியின் உணவு, வழிபாடு, நம்பிக்கை, குடும்பத்தில் யார் பேச்சு எடுபடும் என்ற கணக்கு, வேலை நேரம், பேசும் மொழி எல்லாவற்றையும் கேட்டறிந்து அதற்கேற்பப் பராமரிப்பதற்குச் செவிலியர் படிப்பில் ஒரு தனித்துறை உண்டு. 'பண்பாடறிந்த செவிலியம்' என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் கனிவு, மரியாதை, நல்ல பேச்சு என்று ஏதோ நற்குணப் பாடம்போலத் தோன்றும். நான் சொல்ல வருவது அதைவிடக் கறாரான விஷயம். பண்பாடு மருந்தின் வேலையையே மாற்றிவிடும். எவ்வளவு மாற்றியது என்பதை ஒரு சொட்டு ரத்தத்தில் அளந்தும் பார்க்கலாம்.

எம்.கே.பி. நகரில் ஒரு வீடு

வடசென்னையில் வியாசர்பாடியை ஒட்டியிருக்கிறது எம்.கே.பி. நகர். முழுப்பெயர் மகாகவி பாரதியார் நகர். முழுப்பெயரைச் சொல்லி ஆட்டோ கூப்பிட்டால் ஓட்டுநர் கொஞ்சம் யோசிப்பார். இந்த வட்டாரத்தில் ரயில்வே வேலைக்கும் பின்னி மில் வேலைக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறிய தமிழர்கள் இருக்கிறார்கள். தெலுங்கு பேசும் குடும்பங்கள், உருது பேசும் முஸ்லிம்கள், தமிழ் பேசும் முஸ்லிம்கள், கிறித்தவர்கள் எல்லோரும் உண்டு. கிழக்கே போனால் காசிமேட்டு மீனவர்கள். வடக்கே திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். பெரிதாக ஏதாவது வந்துவிட்டால் இவர்களில் பெரும்பாலோர் போய் நிற்பது ஸ்டான்லி மருத்துவமனையில்தான்.

இந்த நகரில் ஒரு கற்பனை வீட்டுக்குப் போவோம். ஹவுசிங் போர்டு கட்டடத்தில் இரண்டாம் மாடி. 58 வயதுப் பெண்மணி. அக்கம்பக்கத்தார் கூப்பிடுவதுபோல நாமும் நன்னி என்றே கூப்பிடலாம். மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். எட்டு வருஷமாகச் சர்க்கரை. சீட்டில் இரண்டு மருந்து: கிளைமிபிரைடு 2 மில்லிகிராம் காலையில் மட்டும், மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும்.

சாதாரண நாளில் எட்டு மணிக்கு மாத்திரை, பின்னாலேயே இட்லி, 11 மணிக்கு ஒரு டீ, ஒன்றரைக்குச் சோறு. ரமலானில் நாள் தலைகீழாகப் புரளும். நாலு மணிக்கு முன்பே எழுந்து சஹர் உணவு தயார் செய்ய வேண்டும். ஐந்து மணி வாக்கில் சாப்பாடும் தண்ணீரும் நின்றுவிடும். அப்புறம் மாலை ஆறேகாலுக்கு நோன்பு திறக்கும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. பிப்ரவரி, மார்ச்சில் ரமலான் வந்தால் சென்னையில் இது சுமார் 13 மணி நேரம். இஸ்லாமிய ஆண்டு பிறைக்கணக்கு என்பதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்கிறது. சில வருஷம் அது அக்னி நட்சத்திரத்திலும் வந்து விழும். நம் ஊர் பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் ஜூன் மாதத்திலும் 14 மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். லண்டனில் நடுக்கோடையில் நோன்பு வைப்பவர் 18 மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டும்.

நன்னி அந்தக் 'காலை மாத்திரை'யை என்ன செய்வார்? சஹர் சாப்பாட்டோடு விழுங்கிவிடுவார். காலை என்றுதானே சீட்டில் இருக்கிறது? அவர் செய்ததில் தர்க்கப்பிழை ஒன்றுமில்லை.

தொட்டி காலி, மோட்டார் ஓடுகிறது

சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. சர்க்கரை செல்களுக்குள் போகிறது; மிச்சம் கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிப்பாகிறது. சுமார் 100 கிராம் அளவுக்கு அங்கே வைத்துக்கொள்ள முடியும். சாப்பிட்டு நாலைந்து மணி நேரம் கழிந்தால் கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். உடனே கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை ரத்தத்துக்கு விடும். ஆரோக்கியமான ஒருவர் நோன்பு நேரம் முழுக்க மயங்காமல் நடமாடுவது இந்த ஏற்பாட்டால்தான்.

கிளைமிபிரைடு இந்த ஏற்பாட்டில் குறுக்கிடுகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அது விடாமல் உந்திக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. கீழ்த்தொட்டி காலியான பிறகும் நிறுத்த ஆளில்லாமல் ஓடும் மோட்டார் மாதிரி. இன்சுலின் குறையாததால் கல்லீரலும் சேமிப்பைத் திறக்கத் தயங்கும். ஒருமுறை விழுங்கினால் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அதன் வேலை நீடிக்கும்.

மெட்ஃபார்மின் அப்படியல்ல. கணையத்தை அது தொடுவதில்லை. கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை வெளியே விடுவதைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரிவது அபூர்வம். ஆனால் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்: சுகர் மாத்திரை. எது கவிழ்க்கும், எது கவிழ்க்காது என்ற பேதம் பல நோயாளிகளுக்குச் சொல்லப்படுவதே இல்லை.

இனி நன்னியின் நாளை மணிக்கணக்கில் பார்க்கலாம். காலை 4:45-க்குச் சாப்பாடும் மாத்திரையும். ஏழு மணி வரை சர்க்கரை மேலே. பத்து மணிக்கு அது இறங்கியிருக்கும். வழக்கமான நாளாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு டீ கைகொடுக்கும், இன்றைக்கு இல்லை. மதியம் முழுக்கக் கல்லீரல் சேமிப்பை நம்பியே ஓடுகிறது. மூன்று மணிக்கு மேல் வீட்டில் வேலை கூடுகிறது. நோன்பு திறக்க வடை தட்ட வேண்டும், பேரன் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவரும் கஞ்சியைப் பங்கு வைக்க வேண்டும், அடுப்படியில் காற்று கிடையாது. சேமிப்பு கரையும் நேரமும், உடல் உழைப்பு கூடும் நேரமும், மாத்திரை இன்னும் விடாமல் உந்தும் நேரமும் ஒன்றாக வந்து கூடுவது மாலை நாலுக்கும் ஆறுக்கும் இடையில். அந்த 48 அங்கேதான் வருகிறது.

இதற்குத் 'தாழ்சர்க்கரை' என்று பெயர் வைத்துக்கொள்வோம். 70-க்குக் கீழே போனால் படபடப்பு, வியர்வை, நடுக்கம், கொலைப்பசி. 54-க்கும் கீழே போனால் மூளைக்கே தட்டுப்பாடு: தடுமாற்றம், குழறல், மயக்கம். வேறு மாதத்தில் நன்னிக்கு இப்படி நடுங்கினால் மருமகள் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பாள். ரமலானில் வீடே சொல்வது, "நோன்பு வச்சா அப்படித்தான் இருக்கும், இன்னும் ஒரு மணி நேரம்தான்." அறிகுறி கண்ணெதிரே நிற்கிறது, அந்த மாதத்தில் அதற்கு வேறு அர்த்தம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. 45 நிமிஷம் பாக்கி இருக்கும்போது நோன்பை விட யாருக்கு மனசு வரும்?

நோன்பு திறந்ததும் கதை அப்படியே திரும்பும். பேரீச்சம்பழம், சர்பத், சமோசா, வடை என்று வரிசையாக வரும். கஞ்சியை நான் குறை சொல்ல மாட்டேன். பச்சரிசியோடு பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கைமா சேர்ந்த நல்ல உணவு அது. மற்றவை சேர்ந்து எட்டு மணிக்குச் சர்க்கரையை 250-க்கு மேல் ஏற்றிவிடக்கூடும். ஒரே நாளில் பாதாளமும் மலையுச்சியும்.

"சரிம்மா"

அப்படியானால் சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? 2001-ல் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. எபிடியார் என்று பெயர். நன்னிக்கு இருப்பதுபோன்ற இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்திருந்தார்கள். கடுமையான தாழ்சர்க்கரை ரமலான் மாதத்தில் மற்ற மாதங்களைவிட 7.5 மடங்கு. 'வைக்காதே' என்று சொல்லி நிறுத்த முடிகிற விஷயம் இல்லை இது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

இனி ஓ.பி.யில் இரண்டு உரையாடல்கள். முதலாவது:

"சுகர் இருக்குல்ல? நோன்பெல்லாம் வைக்கக் கூடாது, என்னா?"

"சரிம்மா."

அவ்வளவுதான். நன்னி தலையாட்டிவிட்டு வருகிறார், நோன்பும் வைக்கிறார். திட்டு விழும் என்று அந்த மாதம் ஓ.பி. பக்கமே போவதில்லை. பெருநாள் முடிந்து போகும்போது "ஒழுங்கா மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பார்கள். அதற்கும் "சரிம்மா" மாதிரி ஒரு பதில் இருக்கிறது.

இரண்டாவது:

"நோன்புக்கு இன்னும் ரெண்டு மாசம்தானே இருக்கு நன்னி? இந்த வருஷம் வைக்கிறதா இருக்கீங்களா?"

"வைக்காம எப்படிம்மா? சின்ன வயசுலேர்ந்து விட்டதில்ல."

"போன வருஷம் முழுசா வச்சீங்களா?"

"நாலு நாள் முடியல. பாதியில விட்டுட்டேன்."

"முடியலன்னா, எப்படி இருந்துச்சு?"

"அசர் தொழுதுட்டு வந்தா கை வெடவெடன்னு ஆடும். வேர்த்து ஊத்தும். கண்ணு இருட்டிக்கினு வரும். அப்படியே படுத்துக்குவேன்."

"காலை மாத்திரைய எப்பப் போடுவீங்க?"

"சஹர்லயே போட்டுடுவேன். காலைல போடுறதுதானே அது?"

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எந்தச் சோதனையும் இல்லாமல் போன ரமலானில் நாலு முறை தாழ்சர்க்கரை வந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதும், வந்த நேரம் அசர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பின் என்பதும், காரணமும் தெரிந்துவிட்டன. இனி செவிலியர் மருந்தளவில் கைவைப்பதில்லை. அது அவர் வேலையும் அல்ல. ஓ.பி. சீட்டில் இரண்டு வரி எழுதி டாக்டரிடம் அனுப்புகிறார். ஒருவேளைக் கிளைமிபிரைடைச் சஹரிலிருந்து எடுத்து நோன்பு திறக்கும் சாப்பாட்டுக்கு மாற்றுவது, தேவைப்பட்டால் குறைப்பது, அல்லது தாழ்சர்க்கரை ஆபத்துக் குறைவான வேறு மருந்துக்குப் போவது என்று இதற்கு உலகளாவிய வழிகாட்டு நெறிகளே உண்டு. அதே 2 மில்லிகிராம் மாலை ஆறரைக்கு, கஞ்சிக்கு முன்னால். உந்துதல் மிகுந்திருக்கும் நேரத்தில் வயிற்றில் உணவு இருக்கும்.

எல்லாருக்கும் இப்படி வழிவிட முடியாது. அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர், சிறுநீரகம் கெட்டவர், இன்சுலினில் இருக்கும் கர்ப்பிணி போன்றவர்களிடம் 'வேண்டாம்' என்று டாக்டர் உறுதியாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஹஜ்ரத்தும் குளுக்கோமீட்டரும்

விரலில் குத்தி ரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. நாள்பட்ட நோயால் வைக்க முடியாதவர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா என்ற மாற்றும் இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் சிலுவை போட்ட அல்லது பொட்டு வைத்த ஒரு சிஸ்டர் நன்னிக்கு எடுத்துச் சொன்னால் எடுபடுமா? எனக்கு நம்பிக்கையில்லை. தெருக்கோடிப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் இரண்டு நிமிஷம் சொன்னால் எடுபடும். அதனால் விவரம் தெரிந்த செவிலியர் மதப்பாடம் நடத்த மாட்டார். "ஹஜ்ரத்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க நன்னி" என்று அனுப்புவார்.

வீட்டுக்குள்ளும் ஒரு ஹஜ்ரத் உண்டு: மருமகள். அஞ்சு மணிக்குக் கை ஆடும்போது மீட்டரை எடுத்துக் குத்தப்போவது அவள்தான். 70-க்குக் கீழே இருந்தாலும் 300-க்கு மேலே இருந்தாலும் நோன்பை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்பது நெறி. அந்த நேரத்தில் போய் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. முன்கூட்டியே, நன்னியின் காதுபட, மருமகளிடம் பேசி வைத்திருக்க வேண்டும்.

காத்தல், இசைதல், மாற்றுதல்

பண்பாடறிந்த செவிலியத்தைத் தொடங்கிவைத்தவர் மேட்லின் லைனிங்கர் என்ற அமெரிக்கச் செவிலியர். 1950களில் சின்சினாட்டி நகரில் மனநல சிகிச்சை பெறும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். வெவ்வேறு பின்புலத்துக் குழந்தைகள் ஒரே பராமரிப்பை வெவ்வேறு விதமாக எடுத்துக்கொண்டதைக் கண்டு குழம்பினார். விடை தேடி மானுடவியல் படிக்கப்போய், 1960களில் பப்புவா நியூகினி மலைப்பகுதியில் காட்சப் மக்களோடு வாழ்ந்து திரும்பினார். அவர் எழுத்து கடினம். நர்சிங் மாணவிகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவதில் வியப்பில்லை. ஆனால் நோயாளியின் வழக்கத்தை என்ன செய்வது என்பதற்கு அவர் தந்த மூவழி உருப்படியானது. நல்லதும் தீங்கற்றதுமானதை அப்படியே காப்பது. சிகிச்சையை வழக்கத்துக்கு இசைய வைப்பது. தீங்கானதை நோயாளியோடு சேர்ந்து மாற்றுவது.

நன்னியின் வெந்தயக் கஞ்சி காக்க வேண்டியது. மாத்திரை நேரம் இசைய வேண்டியது. நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்வது மாற வேண்டியது.

அம்மை போட்ட வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே வருவதில்லை. சின்னம்மை காற்றில் பரவும் வைரஸ் நோய். எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் ஒரு தெருவே கடைப்பிடிக்கும் தனிமைப்படுத்தல் அது. இளநீர், மோர், காரமில்லாச் சாப்பாடு எதிலும் தவறில்லை. அவற்றைக் கிண்டல் செய்யும் செவிலியர் அந்த வீட்டுக்குள் இரண்டாவது முறை நுழைய முடியாது. மாற்ற வேண்டியது ஒன்றுதான்: 'அம்மா வந்திருக்கும்போது மருந்து கூடாது' என்பது. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை நுரையீரலைத் தாக்கலாம். கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால்தான் பலன் அதிகம். "வேப்பிலை இருக்கட்டும்மா, கோயிலுக்கு வேண்டிக்குங்க. மூச்சு வாங்குனா மட்டும் விடியுற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கும் வழக்கத்தில் நல்ல புரதம் இருக்கிறது, தாராளமாகக் கொடுக்கலாம். தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் போகத்தான் வேண்டும்.

1-0-1

இதுவரை சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது. பண்பாடு என்பது நோயாளியிடம் இருக்கும் வினோதம், மருத்துவமனையிடம் இருப்பது அறிவியல் என்ற எண்ணம் வந்துவிடும். மருந்துச் சீட்டில் எழுதும் 1-0-1 என்பதைப் பாருங்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. காலையில் எழுந்து, எட்டு மணிக்குச் சாப்பிட்டு, இரவு பத்துக்குத் தூங்கும் ஆளை மனத்தில் வைத்து எழுதியது அது. ஆபீஸ் போகும் வர்க்கத்தின் நாள் அது.

காசிமேட்டில் நள்ளிரவு தாண்டிக் கடலுக்குப் போகிறவருக்குக் காலை எது? துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி ஏற்றி வந்து வரிசையில் காத்துக் கிடக்கும் லாரி ஓட்டுநருக்கு இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? எண்ணூர் ஆலையில் ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் மாத்திரையை எந்தக் கணக்கில் போடுவார்? நன்னிக்கு வருஷத்தில் ஒரு மாதம் வந்த சிக்கல் இவர்களுக்கு வருஷம் முழுக்க. இவர்களுக்கு நோன்பு கிடையாது. அதனால் பண்பாடு பற்றிய கேள்வித்தாளில் இவர்கள் வருவதே இல்லை.

மார்கழிக்கு முன்பே மாலை போட்டு ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஐயப்ப பக்தர்கள், மேல்மருவத்தூருக்கு மாலை போடும் பெண்கள், ஆடியில் விரதமிருந்துவிட்டுக் கூழ் குடிப்பவர்கள், தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர்கள் எல்லோருக்கும் அதே கிளைமிபிரைடுதான், அதே கணையம்தான். ரமலானாவது நாள்காட்டியில் தெரியும். வெள்ளிக்கிழமை விரதம் யாருக்குத் தெரியும்?

சேத்துப்பட்டு, 1956

நோயாளியின் நாளை அவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது சென்னைக்குப் புதிதல்ல. காசநோய் வந்தால் சானடோரியத்துக்கு அனுப்புவது அன்றைய முறை. சுத்தமான காற்று, முழு ஓய்வு, பாலும் முட்டையும். தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். அங்கே 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியத்தின் நினைவு அது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒரு துணிச்சலான சோதனை செய்தது. அந்த மையம்தான் சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் ஓராண்டு சானடோரியத்தில். மறுபாதியினர் தங்கள் நெரிசலான வீட்டிலேயே, அரைகுறைச் சாப்பாட்டில். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும்.

ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் நோயாளியோடு இருந்தவர்களுக்குத் தொற்றுவதும் கூடவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூட வைத்ததில் பெரும்பங்கு வகித்தது.

இந்தக் கதையை மருந்தின் வெற்றி என்றே சொல்வார்கள். இன்னொரு பக்கம் உண்டு. சிகிச்சை வீட்டுக்குப் போனதும் கூடவே ஆளும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டினார்கள், மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். வீட்டில் யார் சமைக்கிறார்கள், யாருக்கு நோயை மறைக்கிறார்கள், பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டுகிறது என்று யார் அதைத் தூக்கிப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அப்படிப் போனால்தான் தெரியும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு தன்னார்வலர் பெண்கள் படியேறுகிறார்கள். நன்னி சஹரில் மாத்திரை போடுவதை முதலில் அறியும் வாய்ப்பு அவர்களுக்குத்தான்.

"எந்த ஏரியா?"

லைனிங்கரைப் பற்றிக் கடுமையான விமர்சனம் நியூசிலாந்திலிருந்து வந்தது. இரிஹபேத்தி ராம்ஸ்டன் என்ற மாவோரிச் செவிலியர் கேட்டதன் சாரம் இது: மாவோரிகள் இப்படி, தீவுக்காரர்கள் அப்படி என்று பட்டியல் போட்டுப் படித்துவிட்டால் போதுமா? பராமரிப்பவர் தன்னுடைய பண்பாட்டையும் கையிலிருக்கும் அதிகாரத்தையும் முதலில் பார்க்க வேண்டாமா? பராமரிப்புப் பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றவர்தானே? 1992-ல் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் இதைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்தது. பண்பாட்டுப் பாதுகாப்பு என்று அதைச் சொல்கிறார்கள்.

வடசென்னைக்கு லைனிங்கரைவிட ராம்ஸ்டன் அவசரமாகத் தேவை என்பது என் கட்சி. எந்த ஆஸ்பத்திரி கவுன்டரிலும் "எந்த ஏரியா?" என்று கேட்டு, "வியாசர்பாடி" என்று பதில் வந்ததும் சில முகங்கள் மாறும். சினிமா இத்தனை வருஷம் கத்தியும் ரத்தமுமாக வடசென்னையைக் காட்டியதற்கு அதில் பங்குண்டு. சாதிக்கு அதைவிடப் பெரிய பங்கு. ஹவுசிங் போர்டு ஆள் என்றால் குடித்திருப்பான், மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டான், சத்தம் போடுவான் என்று ஒரு பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. தாழ்சர்க்கரையில் குழறுகிறவரும் குடித்தவர்போலத்தான் குழறுவார். வியர்த்து, தள்ளாடி, எரிந்து விழுவார். ஏரியாவைக் கேட்டு முடிவு செய்கிற இடத்தில் விரலில் குத்திப் பார்க்க யாருக்கும் தோன்றாது. இந்த இடத்தில் பண்பாட்டு அறியாமை ஆளைக் கொல்லக்கூடும்.

அதேபோல, பர்தா போட்டவர் எல்லோரும் நோன்பு வைப்பார் என்று முடிவுகட்டுவதும் பட்டியல்தான். முஸ்லிம் வீட்டில் நோன்பு வைக்காதவரும் உண்டு. ரமலானில் ஓரிரு நாள் நோன்பு வைக்கும் இந்து அண்டைவீட்டாரும் உண்டு. எந்தப் பட்டியலும் கேள்விக்கு ஈடாகாது. ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவரும் நண்பர்களும் 1978-ல் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகள் எளியவை: இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் இப்போது வந்தது? இதில் உங்களுக்கு எது பயம்? என்ன சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நாளைக்கு இருநூறு பேர் நிற்கும் ஓ.பி.யில் இத்தனையும் கேட்க முடியாது என்பது நியாயம். "வீட்டுல எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவீங்க?" என்ற ஒன்றையாவது கேட்கலாம்.

கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வீட்டில் சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர் ரமலான் நோன்போ, ஐயப்ப விரதமோ, வேறெந்த விரதமோ இருக்கப் போகிறார் என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே மாத்திரை அட்டைகளோடு டாக்டரைப் பாருங்கள். எது கவிழ்க்கக்கூடிய மாத்திரை என்று கேட்டு அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் பார்ப்பவரும் ஷிஃப்ட் நேரத்தைச் சொல்லியே மருந்து எழுதி வாங்க வேண்டும். விரதத்தில் கை நடுங்கி வியர்த்தால் உடனே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மணி பார்க்க வேண்டாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.